ஓரெழுத்துப் பிழையின் வரலாறு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு அந்நாளில் வந்த கடிதங்களின் முகவரிகள் ஒரே சீராக எழுதப்பட்டவை அல்ல. ‘சுங்கை’ என்பதன் ஈற்றை ஆங்கிலத்தில் ‘இ, ஐ’ என எழுதியோரும் ‘ஏ, ஐ’ என எழுதியோரும் உண்டு. 1972ஆம் ஆண்டின் மலாய் எழுத்துச் சீர்திருத்தத்தால் ‘தெலோக்’ ‘தெலுக்’ ஆயிற்று. 1982இல் தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆயிற்று. அஞ்சல் ஊழியரும் தோட்டத்துக் கிராணியும் எழுத்தோடு எழுதியவர் கருத்தையும் சேர்த்துப் படித்தமையால், பிழைபட்ட முகவரியும் உரிய வீட்டைக் கண்டது.

1983இல் தோன்றிய இணையப் பெயர் முறைக்கு இப்பரிவு இல்லை. ஓரெழுத்து மாறினால் அது வேறொரு முகவரி. முதலில் பதிவு செய்தவருக்கே அது உரியது. பிழையாகத் தட்டுவோர் சிலரேயாயினும், கோடிப்பேர் நாடும் தளத்தின் வாயிலில் அச்சிலரும் பெருங்கூட்டமன்றோ! பிழை விலைபொருளாகியது இவ்வாறே.

அமெரிக்கரான ஜான் சுக்கரினி ஆயிரக்கணக்கான பிழைப்பெயர்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். டிஸ்னிலாந்தைத் தேடிய சிறுவர் ஓரெழுத்துத் தவறினால் ஆபாசப் பக்கங்களில் போய் விழுந்தனர். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பருவத்தினரே இவ்வலைக்கு எளிய இரை என்பதை ஆசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 2003இல் கைதான அவருக்கு மறு ஆண்டு இரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தனிமனிதர் மட்டுமோ? ‘.காம்’ என்பதில் ‘ஓ’ விடுபட்டால் வருவது கெமரூன் நாட்டின் ஈறு. 2006இல் அவ்வீற்றில் பதிவாகாத பெயர்கள் யாவும் விளம்பரப் பக்கத்திற்குத் திருப்பப்பட்டன.

மலேசியாவின் ‘.மை’ பெயர்களை மைநிக் நிறுவனம் ஆள்கிறது. வழக்கெழின், பெயர் குழப்பம் தருமளவு ஒத்திருப்பதையும், தீய நோக்கில் பதியப்பட்டதையோ பயன்படுத்தப்பட்டதையோ முறையிடுவோர் நிறுவ வேண்டும். உலகப் பொதுவிதி பதிவு, பயன் இரண்டிலும் தீய நோக்கைக் கேட்கிறது. நம் விதியே பாதிக்கப்பட்டவர்க்குத் துணையானது என்பேன்.

தமிழர்க்கு இடர் இன்னும் மிகுதி. ‘தமிழ்’ என்னும் சொல்லையே ரோமன் எழுத்தில் நால்வர் நால்வகையாய் எழுதுகின்றனர். ஒரு பள்ளியோ சங்கமோ ஒருவகையைப் பதிவு செய்தால் ஏனைய மூன்றும் காவலின்றிக் கிடக்கும். தமிழ் எழுத்திலேயே பெயர் அமைந்தால் இடர் தீரும் எனக் கருதலாம். பிறமொழி எழுத்துப் பெயர்களுக்கான சோதனையைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் 1998இல் நடத்தினர். 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகியன தமிழ் ஈறுகளைப் பெற்றன. மலேசியாவுக்கு ஜாவி ஈறு உண்டு. தமிழ் ஈறு இல்லை.

ஆயினும் நம் எழுத்திலும் போலிகள் உள. ககரமும் தமிழ் எண் ஒன்றும் இரட்டையர். ஔகாரத்தை ஓரெழுத்தாகவும் இடலாம். ஒகரமும் ளகரமுமாகவும் இடலாம். ‘ஔவை’யை இருவகையாலும் அச்சிட்டுக் காட்டினால், பல எழுத்துருக்களில் மாணவர் வேறுபாடு காணார். கணினிக்கோ அவர்கள் இருவேறு மூதாட்டியர்.