ஆலோசகருக்கும் பாடம் வேண்டும்

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "சார், பையன்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பயிற்சி எதுவும் கிடையாது. கணக்கு வாத்தியார் அன்று முதல் ஆலோசகரும் ஆனேன்.

முதலில் வந்தவன் பத்தாம் வகுப்பில் படித்த வடசென்னைப் பையன். "படிப்பை விட்டுட்டு லேத் பட்டறைக்குப் போறேன் சார்" என்றான். "ஒழுங்காகப் படிடா" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பரீட்சைக்கு அவன் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, இந்த ஆலோசகர் வேலை எப்படித் தோன்றியது என்று படித்தேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி நார்த் எண்ட். அங்கே 1908 ஜனவரியில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பது என்ற மூன்றுதான் அவர் முறை. அதே செப்டம்பரில் அவர் காலமானார். அவர் எழுதிய புத்தகம் 1909இல்தான் வெளிவந்தது.

பின்னர் அந்த நிலையத்தை நடத்தியவர் மேயர் புளூம்ஃபீல்ட். ருமேனியாவில் பிறந்து, நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். பாஸ்டன் பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டார்கள். அவர்களும் என்னைப் போல வகுப்பு எடுத்துக்கொண்டே இதையும் பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. செருப்புத் தொழில், பெரிய கடைகளில் வேலை என்று ஒவ்வொரு துறையைப் பற்றியும் அவர்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். மெஷின் வேலை, ரொட்டி சுடும் வேலை இவற்றைப் பற்றியெல்லாம் விசாரித்துச் சிறு நூல்கள் வெளியிட்டார்கள். 1911 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலேயே புளூம்ஃபீல்ட் இதற்கென ஒரு வகுப்பு நடத்தினார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஆலோசகருக்குத் தைரியம் உபதேசத்தால் வருவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தெருவும், அங்குள்ள வேலைகளும் தெரிந்திருந்தால் வரும். பத்தாவதை முடித்துவிட்டால் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கலாம், அதே லேத்தைச் சான்றிதழோடு ஓட்டலாம் என்று அன்று நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் கேட்டிருப்பானோ என்னவோ. சொல்ல எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பட்டறை எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஒருநாளும் நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.