எலக்ட்ரிக் கிட்டார்: தந்தித் தடிமன் மாற்றமும் மறுசீரமைப்பும்

எலக்ட்ரிக் கிட்டாரில் வேறு தடிமனுள்ள தந்திகளை மாட்டிய பின், நெக்கின் வளைவு, பிரிட்ஜின் சமநிலை, தந்தியின் உயரம், நீளம் ஆகியவற்றைத் திரும்பச் சரிசெய்யும் பணி இது. தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் சொல்லப்படுகிறது. மெல்லிய முதல் தந்தியின் அளவாலேயே தொகுப்பு அறியப்படும்: ‘9’ என்றால் 0.009 முதல் 0.042 அங்குலம் வரை. ‘10’ என்றால் 0.010 முதல் 0.046 வரை.

எண்ணில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு விசையில் பெரியது. சுருதியும் நீளமும் மாறாதபோது, மேல்சுற்று இல்லாத வெற்றுத் தந்தியின் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 0.009-லிருந்து 0.010-க்கு மாறினால் முதல் தந்தியில் சுமார் 23 விழுக்காடு அதிகம். 25.5 அங்குலத் தந்தி நீளம் கொண்ட ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் ‘9’ தொகுப்பின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. ‘10’ தொகுப்பில் சுமார் 47 கிலோ. பின்வரும் வேலைகள் யாவும் இந்தக் கூடுதல் சுமையிலிருந்தே பிறக்கின்றன.

1954-இல் அறிமுகமான ஸ்ட்ராடோகாஸ்டரின் டிரெமலோ பிரிட்ஜ்தான் மாற்றத்தை முதலில் காட்டிக்கொடுக்கும். முன்பக்கம் தந்திகளும் பின்பக்கம் சுருள்வில்களும் எதிரெதிரே இழுக்க, பிரிட்ஜ் தராசு முள்போல நடுவில் நிற்கிறது. தடித்த தந்தி வந்ததும் அது முன்னோக்கிச் சாய்கிறது, தந்திகள் உயர்கின்றன. ஒரு தந்தியைச் சுருதிக்கு இழுத்தால் மற்றவை இறங்கிவிடும். முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருப்பதால் இது தீராது. பின்மூடியைக் கழற்றி, வில்களைப் பிடித்திருக்கும் தகட்டின் இரு திருகுகளையும் இறுக்க வேண்டும், அல்லது இன்னொரு வில்லைச் சேர்க்க வேண்டும். ஐந்து வரை மாட்ட இடமுண்டு. சற்று இறுக்குவது, சுருதி சேர்ப்பது, பார்ப்பது என்று சுழற்சியாகவே செய்ய முடியும். மிதக்கும் நிலையில் பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மி.மீ. உயர்ந்திருப்பது வழக்கம்.

அடுத்தது நெக். சுமை கூடியதால் அது முன்னோக்கி வளைந்திருக்கும். உள்ளிருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை இறுக்கி எதிர்கொள்ள வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, கடைசி ஃபிரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் 0.25 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. அதற்குப் பிறகே, பிரிட்ஜில் தந்தி அமரும் சேடிலின் உயரத்தைத் தொட வேண்டும். வளைவைச் சரிசெய்யாமல் சேடிலை மட்டும் இறக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது கோளாறை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

இன்டோனேஷன், அதாவது ஃபிரெட்டுகளில் சுருதி பிசகாதபடி தந்தியின் நீளத்தைச் சரிசெய்வது, இவற்றுக்கு அடுத்தபடி. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய ஒலி, அதே இடத்து ஹார்மோனிக்கைவிட உயர்ந்து கேட்டால் சேடிலைப் பின்னே நகர்த்த வேண்டும், தாழ்ந்தால் முன்னே. தடித்த தந்திக்கு விறைப்பு அதிகம் என்பதால் பெரும்பாலும் பின்னேதான் போகும்.

நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் காடிகள் பழைய அளவுக்கு வெட்டப்பட்டவை. சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று தெறித்தால் தந்தி காடியில் சிக்குகிறது. உரிய அளவு அரத்தால் அகலப்படுத்தலாம், ஆழப்படுத்தக் கூடாது. பிக்கப்பைச் சற்று இறக்குவதும் தேவைப்படலாம்: ஒற்றைச் சுருள் பிக்கப்பின் காந்தம் மிக அருகில் இருந்தால் தடித்த தந்திகளை இழுத்துச் சுருதியைக் குலைக்கும்.

தந்தி நீளத்தைப் பொறுத்தும் தடிமன் தேர்வு மாறும். 24.75 அங்குல கிப்சன் லெஸ் பாலில் அதே தொகுப்பு சுமார் 6 விழுக்காடு தளர்ந்திருக்கும். சுருதியை இறக்கினாலும் இழுவிசை குறையும்: கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஸ்ட்ராடோகாஸ்டரில் ‘13’ போன்ற தடித்த தந்திகளை மாட்டியபோது, சுருதியை அரைப்படி இறக்கியே வாசித்தார்.

மெல்லிய தந்திக்கு மாறினால் எல்லாத் திசைகளும் தலைகீழாகும்: வில்லையும் டிரஸ் ராடையும் தளர்த்த வேண்டும். நட் மட்டும் திரும்பி வராது. அகலப்படுத்திய காடியில் மெல்லிய தந்தி ஆடினால் புது நட்தான் போட வேண்டும்.