1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தீர்ப்பும்

இலங்கையின் அரசியல் வரலாற்றில் 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் ஒரு பெருந் திருப்பமென்பர் வரலாற்றாசிரியர். அவ்வாண்டு ஏப்பிரல் 5, 7, 10ஆந் திகதிகளில் வாக்களிப்பு நடைபெற்றது. தெரிவுசெய்யப்படவேண்டிய 95 உறுப்பினருள் 51 பேர் திரு. பண்டாரநாயக்கா தலைமைதாங்கிய மக்கள் ஐக்கிய முன்னணியைச் சேர்ந்தோராயினர். ஆண்ட கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சி 8 இடங்களையே பெற்றது. இது நாடு முழுவதையும் ஒன்றாகக் கொண்ட கணக்கு. மாகாணவாரியாக நோக்குமிடத்து, ஒரே தேர்தலில் இருவேறு தீர்ப்புக்கள் வழங்கப்பட்டமை புலப்படும்.

வடபகுதியின் முந்திய தேர்தல்களை முதலில் நோக்குதல் வேண்டும். 1947இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசு 7 இடங்களை வென்றது. மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமை பற்றிய சட்டங்களாலும், கட்சித் தலைவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையிற் சேர்ந்தமையாலும் அக்கட்சி பிளவுற, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. ஆயினும், 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் புதிய கட்சிக்குக் கோப்பாயும் திருகோணமலையுமே கிடைத்தன. அதன் தலைவர் திரு. செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோல்வியுற்றார். சமஷ்டிக் கோரிக்கையை வடபகுதி மக்கள் அன்று ஏற்றிலர் என்பது இதனால் தெளிவு.

நான்கே ஆண்டுகளில் அம்மக்கள் மனம் மாறியதற்குக் காரணம் யாது? மொழிப் பிரச்சினையே எனலாம். 1954இல் யாழ்ப்பாணம் வந்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை, இரு மொழிகளுக்குஞ் சம உரிமை வழங்க வாக்களித்தார். தெற்கில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, 1956 பெப்புருவரியிற் களனி மாநாட்டில் அவரது கட்சியே சிங்களம் மட்டும் என்னுங் கொள்கையை மேற்கொண்டது. ஆட்சியமைக்கத்தக்க இரு அணிகளும் ஒரே கொள்கையினவாகவே, தமிழ் வாக்காளர் அவ்விரண்டினின்றும் விலகிநின்றனர்.

அதன் பயனாகத் தமிழரசுக் கட்சி 10 இடங்களைப் பெற்றது. வட மாகாணத்து ஒன்பது தொகுதிகளுள் காங்கேசன்துறை, கோப்பாய், வட்டுக்கோட்டை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை, மன்னார் ஆகிய ஆறும் அதனைச் சார்ந்தன. கிழக்கில் திருகோணமலையும் மட்டக்களப்பும் அன்றிக் கல்முனை, பொத்துவில் ஆகிய தொகுதிகளில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் இருவரும் அக்கட்சியின் பெயரால் வென்றமை கருதத்தக்கது.

எனினும் தீர்ப்பு முற்றும் ஒருமுகமானதன்று. யாழ்ப்பாணத் தொகுதி திரு. பொன்னம்பலத்தைக் கைவிடவில்லை. வவுனியா சுயேச்சை வேட்பாளரான திரு. சுந்தரலிங்கத்தைத் தெரிந்தது. பருத்தித்துறை பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த திரு. பொன். கந்தையாவை அனுப்பியது. கட்சியால் வேறுபட்டோரும் தமிழ்மொழியின் உரிமையை வற்புறுத்துவதில் ஒன்றுபட்டனர்.

வாக்குக்கும் இடத்துக்குமுள்ள தொடர்பும் ஈண்டு நோக்கற்பாலது. மக்கள் ஐக்கிய முன்னணி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு நாற்பதளவினவே. நூற்றுக்கு இருபத்தேழளவு பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 8 இடங்களும், நூற்றுக்கு ஐந்தளவே பெற்ற தமிழரசுக் கட்சிக்கு 10 இடங்களும் கிடைத்தன. ஒரு பகுதியிற் செறிந்த வாக்கு இடமாக மாறும். பல தொகுதிகளிற் சிதறிய வாக்கு வீணாகும். தொகுதிமுறைத் தேர்தலின் இயல்பு இதுவே.

அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசகரும மொழி மசோதா 29 வாக்குகளுக்கு எதிராக 56 வாக்குகளால் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. எண்ணிக்கையளவில் அது பெரும்பான்மையின் முடிபே. ஆனால், வடக்கிலுங் கிழக்கிலும் மக்கள் அளித்த தீர்ப்பை அவ்வெண் அழித்துவிடவில்லை. 1957 யூலையில் அதே பிரதமர் திரு. செல்வநாயகத்துடன் உடன்படிக்கை செய்து, பிரதேச சபைகளை அமைக்க இணங்கியமை இதற்குச் சான்றாகும். அடுத்த ஆண்டு ஏப்பிரலில் எதிர்ப்பின் காரணமாக அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது. சபையிற் பெரும்பான்மை பெறுதல் வேறு, நாட்டின் எல்லாப் பகுதிகளினதும் இசைவைப் பெறுதல் வேறு என்பதே 1956ஆம் ஆண்டுத் தேர்தல் புகட்டும் பாடமாம்.