சேலிஷ் கடல்: சிறுபடகுப் பயணமும் இரவுத் தங்கலும்

சேலிஷ் கடல், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தையும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் தொட்டுக் கிடக்கும் உள்கடல். ஹுவான் டி ஃபூக்கா நீரிணை, ஜார்ஜியா நீரிணை, பியூஜெட் சவுண்டு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். வான்கூவர் தீவு பசிபிக்கின் பேரலைகளைத் தடுத்து நிற்பதால், ஏழெட்டு மீட்டர் நீளப் படகில்கூடக் குடும்பத்தோடு வாரக்கணக்கில் கரையோரமாகச் சுற்றிவர முடிகிறது. பகல் ஓட்டம் பெரிய வித்தையல்ல. பொழுது சாயும்போது படகை எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதே இங்கே படகோட்டியின் திறமை. தமிழக மீனவர் ‘தங்குகடல்’ என்பது வலையோடு நடுக்கடலில் கழிக்கும் இரவுகளை. இங்கே சொல்லப்படுவது கரையின் மறைவில் கழியும் இரவு.

சேலிஷ் கடல் என்னும் பெயர் 2009இல் அமெரிக்காவிலும் 2010இல் கனடாவிலும் அரசு ஏற்பைப் பெற்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இக்கரையில் வாழும் கரையோர சேலிஷ் மக்களின் பெயரைத் தாங்குவதால் இதுவே பொருத்தமான பெயர்.

தொடக்க வரலாறு

இக்கரையின் முதல் படகோட்டிகளான சேலிஷ் மக்கள் செந்நிற சீடர் மரத்தைக் குடைந்து ஓடம் செய்தவர்கள். அவர்களுக்கு நங்கூரம் பெரிதாகத் தேவைப்படவில்லை. மாலையில் ஓடத்தைக் கரைமேல் இழுத்துவிட்டால் போதும். ஆகவே சரிவு குறைந்த கடற்கரையும் நன்னீர் ஓடையும் சேர்ந்த இடமே அவர்களுடைய தங்குதுறை. குவாட்ரா தீவில் மட்டி வளர்ப்பதற்காக அவர்களின் முன்னோர் கட்டிய கற்சுவர்களில் சில 3,500 ஆண்டுப் பழமையானவை. பிற்காலப் படகோட்டிகள் ‘ஆளில்லாக் குடா’ என்று எழுதிய பல இடங்கள் இப்படிப் பேணிவளர்த்த கரைகள்தாம்.

ஐரோப்பியரில் ஜார்ஜியா நீரிணையை முதலில் ஆய்ந்தவர் ஹோசே மரியா நர்வாயேஸ். 1791இல் சாந்தா சத்தூர்னினா என்னும் சிறு பாய்மரக் கப்பலில் அவர் வந்தார். ஆனாலும் புகழ் முழுவதும் அடுத்த ஆண்டு வந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் வான்கூவரைச் சேர்ந்தது. அவருடைய டிஸ்கவரி, சாத்தம் கப்பல்கள் பெரியவை. ஒடுங்கிய நீர்வழிகளில் அவற்றைக் கொண்டு நுழைய முடியாது. 1792 மே மாதத் தொடக்கத்தில், இன்று டிஸ்கவரி குடா எனப்படும் இடத்தில் கப்பலை நிறுத்திவிட்டு, துடுப்பும் பாயும் கொண்ட சிறு படகுகளில் ஆட்களை அனுப்பினார். கண்டத்தின் கரையை விடாமல் தொட்டுச் சென்று, நிலத்துக்குள் நீளும் ஒவ்வொரு கடற்காலின் முடிவுவரை பார்ப்பது அவர் வகுத்த நெறி. விடியலில் கிளம்பி, நாளெல்லாம் துடுப்பு வலித்து, இரவில் கரையில் கூடாரம் அடித்து, மறுநாள் மீண்டும் கிளம்புவார்கள். இன்றைய சிறுபடகுப் பயணத்தின் ஒழுங்கு முழுவதும் இதில் இருக்கிறது.

மே 20 அன்று வான்கூவரின் ஆட்களான பீட்டர் பியூஜெட், ஜோசப் விட்பி, தாவர ஆய்வாளர் ஆர்ச்சிபால்டு மென்சீஸ் முதலியோர் இரு படகுகளில் தெற்கே சென்று ஒரு வாரத்தில் திரும்பினர். பியூஜெட் சவுண்டு என்னும் பெயர் அந்த வாரத்தின் பயன். ஜூனில் விட்பி, தீபகற்பம் என்று எண்ணியிருந்த நிலம் உண்மையில் தீவு என்று கண்டார். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அத்தீவைப் பிரித்து, முதலில் ஏமாற்றிய ஒடுங்கிய நீர்வழி ‘டிசெப்ஷன் பாஸ்’ ஆயிற்று. வான்கூவரும் சிறு படகில் ஜெர்விஸ் கடற்காலின் முடிவுவரை சென்று, ஜூன் 22 அன்று திரும்பும் வழியில் கலியானோ, வால்டேஸ் என்னும் ஸ்பானியத் தலைவர்களைச் சந்தித்தார். அந்தப் போக்கில் பிரின்சஸ் லூயிசா கடற்காலின் வாயை அவர் கடந்துபோனார், உள்ளே நுழையவில்லை. வடக்கே ஒரு நீர்ப்பரப்புக்கு அவர் ‘பாழ்நிலை’ என்ற பொருளில் டெசொலேஷன் சவுண்டு என்று பெயரிட்டார். இவ்விரண்டும் இன்று படகோட்டிகள் பெரிதும் விரும்பித் தங்கும் இடங்கள். டெசொலேஷனில் வடக்கு ஓதமும் தெற்கு ஓதமும் சந்திப்பதால் நீர் அதிகம் புரளாமல் கோடையில் வெதுவெதுப்பாகி, குளிக்க ஏற்றதாகிறது.

தங்கும் முறைகள்

ஓதமே இங்கு முதலில் கணிக்க வேண்டியது. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வேறுபாடு. பியூஜெட் சவுண்டின் தென்கோடியில் நான்கு மீட்டருக்கு மேல். நாளுக்கு இரு ஏற்றம், இரு வற்றம். அவையும் ஒரே அளவில் வருவதில்லை. நங்கூரக் கயிற்றின் நீளம், நீரின் ஆழத்தோடு அணியத்தின் (படகு முகப்பின்) உயரத்தையும் கூட்டிவரும் அளவைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. வற்றத்தில் நான்கு மீட்டர் ஆழத்தில் நிறுத்தி, அணியத்துக்கு ஒரு மீட்டர் சேர்த்து 25 மீட்டர் கயிறு விட்டவர், இரவில் நீர் நான்கு மீட்டர் ஏறினால் மூன்று மடங்குகூட இல்லாமல் நிற்பார். காற்று எழுந்தால் நங்கூரம் இழுபடும். ஏற்றத்தில் கரையை ஒட்டி நிறுத்தியவருக்கு நேர்மாறான ஆபத்து: விடிகாலையில் படகு தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும்.

கரை செங்குத்தாக இறங்கும் கடற்கால்களில் பின்கட்டு முறை உதவும். நங்கூரத்தை ஆழத்தில் பாய்ச்சி, படகின் பின்புறத்திலிருந்து ஒரு நீண்ட கயிற்றைக் கரை மரத்தில் சுற்றிவருவது அது. மென்சீஸ் பெயரைத் தாங்கிய செம்பட்டை ஆர்புட்டஸ் மரங்கள் இக்கயிறுகளால் தோலுரிந்தன. அதனால் கனடாவில் சில குடாக்களின் பாறைகளில் இரும்பு வளையங்கள் பதிக்கப்பட்டுள்ளன. மரம் கிடைத்தாலும் வளையத்தில் கட்டுவதே முறை.

வாஷிங்டன் மாநிலக் கடற்பூங்காக்களில் படகைக் கட்டிக்கொள்ள நீலப்பட்டை போட்ட வெள்ளை மிதவைகள் உள்ளன. கட்டணத்தை உறையிலிட்டுக் கரையிலுள்ள பெட்டியில் போட வேண்டும். தொடர்ந்து மூன்று இரவுகளே தங்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பொதுப் படகுத்துறைகளில் இடம் நிறைந்தால் ஒரு படகின் பக்கவாட்டில் மற்றொன்றைக் கட்டுவது வழக்கம். அதற்கு முகம் சுளிப்பவர் அங்கே மதிக்கப்படுவதில்லை. மின்சாரமும் குளியலறையும் உள்ள கட்டணத் துறைகளும் உண்டு. அவை படகு நிறுத்துமிடங்கள். தங்கல் என்னும் சொல்லின் முழுப்பொருள் சிறுகுடாவில்தான்.

இருபதாம் நூற்றாண்டு

இப்பயணத்தைப் பரந்த வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர் எம். வைலி பிளான்செட். கணவரை இழந்தபின் ஐந்து குழந்தைகளோடு, கேப்ரிஸ் என்னும் 25 அடிப் படகில் கோடைதோறும் சுற்றிய அனுபவத்தை 1961இல் ‘த கர்வ் ஆஃப் டைம்’ நூலாக்கினார். பழங்குடியினர் கோடையில் ஊரில் இல்லாதபோது அவர்களின் ஊர்களுக்குள் அவர் நுழைந்தது தவறே. நூலின் கடலறிவு அதனால் குறையவில்லை.

பிரின்சஸ் லூயிசாவில் நிலம் வாங்கியிருந்த ஜேம்ஸ் மெக்டொனால்டு, 1953இல் அதைப் படகோட்டிகளின் பொதுப் பயனுக்கு அளித்தார். வாஷிங்டன் மாநிலத்தின் சூசியா தீவு வீட்டுமனைகளாகாமல் தப்பியது பியூஜெட் சவுண்டுப் படகு மன்றங்களால். அவை பணம் திரட்டி 1960இல் தீவை வாங்கி மாநிலத்துக்குக் கொடுத்தன. இன்று அங்கு கட்டணமில்லாமல் நங்கூரம் பாய்ச்சும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர். வடக்கே, மணிக்கு 15 கடல் மைல் வரை நீரோடும் சீமோர் இடுக்கில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட ரிப்பிள் பாறை, 1958 ஏப்ரல் 5 அன்று கடலடிச் சுரங்கம் வழியே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இன்றைய நிலை

பியூஜெட் சவுண்டில் 2018 முதல் படகுக் கழிப்பறைக் கழிவுநீரைக் கடலில் விடத் தடை உள்ளது. கடற்புல் படுகைகளில் நங்கூரம் பாய்ச்ச வேண்டாம் என்று பல குடாக்களில் கேட்டுக்கொள்ளப்படுகிறது. 1989இல் சியாட்டில் நோக்கித் தொடங்கிய பழங்குடியினரின் ஓடப் பயணம் இன்றும் நடைபெறுகிறது. அதில் ஒவ்வொரு ஓடமும் கரையை அடைந்ததும் நீரிலேயே நின்று, தாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, இரவு தங்க அவ்வூராரிடம் அனுமதி கேட்டபின்தான் கரையேறும்.