வாசலில் கொடுத்த எண்

பாலராமபுரத்தில் விடியற்காலையில் தெருவிலேயே பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் என்ற நெசவாளர்களின் தொழில் அது. நூல் ஒரு கை, பாவு ஒரு கை, தறி இன்னொரு கை. இப்படிக் கைமாறும் வேலையில் புடவை தாமதமானால், நாள் எந்த வீட்டில் போனது என்று கண்டுபிடிப்பது கடினம்.

பல கணினிகளில் பிரித்து வைத்த தரவுத்தளத்திலும் இதே திண்டாட்டம்தான். ஒரு கேள்வி பத்துக் கணினிகளைத் தொட்டுவிட்டு மூன்று விநாடி கழித்துத் திரும்புகிறது. ஒவ்வொரு கணினியின் பதிவேடும் தன் வேலையை மட்டும் சொல்கிறது. அந்த வேலை எந்தக் கேள்விக்காக நடந்தது என்று எதிலும் எழுதியிருக்காது.

கூகுளில் ஒரே தேடல் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் பரவும். அங்கே பிறந்ததுதான் கேள்வியின் வழியைப் பின்தொடரும் டாப்பர் என்ற கருவி. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-டிரேஸ் என்ற கருவி 2007-லேயே இதற்கு வழி காட்டியிருந்தது. டாப்பரைப் பற்றிப் பெஞ்சமின் சிகெல்மேனும் உடன் வேலை செய்தவர்களும் 2010 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டபோது, அது இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி நுழையும் வாசலிலேயே அதற்கு ஓர் எண். போகும் இடமெல்லாம் எண்ணும் கூடவே போகும். ஒவ்வொரு கட்டமும் தன்னை அழைத்தது யார், எப்போது தொடங்கினேன், எப்போது முடித்தேன் என்று குறித்து வைக்கும். எண்ணை வைத்துச் சேர்த்தால் முழு வழியும் மரமாக விரியும்.

எல்லாவற்றையும் குறித்தால் குறிக்கும் வேலையே கணினியை இழுத்துப் பிடிக்கும். அதனால் தொடக்கத்தில் சராசரியாக 1024 கேள்விகளில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்தார்கள். டாப்பர் நிலைத்ததற்கு இந்த அடக்கமே காரணம் என்பேன். சுமையாகும் கருவியை யாராக இருந்தாலும் முதல் நெருக்கடியிலேயே அணைத்துவிடுவார்கள்.

2012-இல் டிவிட்டர் இதே வழியில் ஜிப்கின் என்ற கருவியை வெளியிட்டது. பல கணினிகளில் பிரித்து வைக்கும் தரவுத்தளமான கஸாண்ட்ராவின் 1.2 பதிப்பு 2013 ஜனவரியில் வந்தது; அது தரவுத்தளத்துக்குள்ளேயே இந்த வசதியை வைத்தது. 'டிரேசிங் ஆன்' என்று தட்டிவிட்டுக் கேள்வி கேட்டால், எந்தக் கணினியில் எத்தனை மைக்ரோ விநாடி கழிந்தது என்று வரிவரியாக வரும். உயிருள்ள ஒரு வரியைத் தேட, ஏற்கெனவே அழித்த ஆயிரம் வரிகளுக்காக விட்டுவைத்த குறிகளைப் படித்திருப்பதும் அங்கே தெரிந்துவிடும். பல நேரம் தாமதம் அதில்தான் இருக்கும்.

கஸாண்ட்ராவின் அந்தக் குறிப்புகள் 24 மணி நேரத்தில் தாமாகவே அழிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். மெதுவான கேள்வி கையில் சிக்கினால் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.