வெங்கட்டின் 58

ஓசூர்ல ரஞ்சி பேச்செடுத்தா ரெண்டு கட்சிதாங்க. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர், சிப்காட் கேண்டீன்ல பாதிப் பேர் கர்நாடகா ரசிகர்கள். "எங்க தொட்ட கணேஷ் 1998-99ல ஒரே சீசன்ல 62 விக்கெட். உங்காளு?" என்பார்கள். நான் எடுத்து வைப்பது வெங்கட்ராகவனை: 1972-73ல் 58. நாலு கம்மிதான்.

ஆனா வெறும் எண்ணிக்கையை வச்சு என்ன பண்றது? பேடி 1974-75ல் எடுத்த 64ஐ, 2018-19ல் பீகாரின் அசுதோஷ் அமன் 68 எடுத்துத் தாண்டினார். அமன் ஆடியது பிளேட் பிரிவில். எதிரில் மிசோரம், அருணாசலப் பிரதேசம் என்று அந்த வருஷம்தான் ரஞ்சிக்குள் வந்த அணிகள்!

வெங்கட்டின் சீசன் முடிந்தது சேப்பாக்கம் ஃபைனலில், பம்பாயோடு. பம்பாயை 151, 113க்குச் சுருட்டியாச்சு. பவுலருங்க இதுக்கு மேல என்ன செய்யணும்? நம்ம பேட்டிங் 80, 61. பத்மாகர் சிவால்கர் 16 ரன்னுக்கு 8, அடுத்து 18க்கு 5. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் குளோஸ். அந்த சிவால்கருக்கு (கொடுமை!) கடைசிவரை ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

2023-24ல் சாய் கிஷோர் 53 விக்கெட்டோடு அந்த சீசனின் முதலிடம். அப்பவும் அரையிறுதியில் நம்மை வெளியே அனுப்பியது மும்பைதான்.

தொடர்ந்து 15 கோப்பை வாங்கியிருந்த பம்பாயை 1973-74 அரையிறுதியில் நிறுத்தியது, பிரசன்னாவும் சந்திரசேகரும் இருந்த கர்நாடகா. கேண்டீன்ல இதை மட்டும் நான் வாயே திறப்பதில்லை :-)