சிகாகோவில் ஒரு பகல்: அடுத்த ஃப்ளைட்டுக்குள் ஊரை நடந்தே பார்க்கலாம், வாங்க!

சென்னையில் விமானம் ஏறி, தோஹாவிலோ அபுதாபியிலோ மாறி, ஒருவழியாக சிகாகோ ஓ'ஹேர் ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டீர்கள். மணி காலை 8. நீங்கள் போகவேண்டிய ஊருக்கான அடுத்த ஃப்ளைட் இரவு 9 மணிக்கு. நடுவில் 13 மணி நேரம்! பெரும்பாலானவர்கள் இதை நாற்காலியில் சுருண்டு படுத்தும், சார்ஜர் பாயின்ட் தேடி அலைந்துமே கழிக்கிறார்கள். 'வெளியே போய் ஃப்ளைட்டைக் கோட்டை விட்டுட்டா?' என்கிற பயம்தான் காரணம். நியாயமான பயம்தான். ஆனால், கணக்குப் போட்டு இறங்கினால் ஆறு மணி நேரம் ஊருக்குள் சுற்றலாம். வானுயர்ந்த கட்டடங்கள் பிறந்த ஊர் இது. அதை ஜன்னல் வழியே மட்டும் பார்த்துவிட்டுப் போவது அநியாயம் இல்லையா?

முதலில் விசா, அப்புறம்தான் ஷூ

துபாய், சிங்கப்பூர் மாதிரி ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே இருந்துவிட்டு அடுத்த ஃப்ளைட் ஏறும் வசதி அமெரிக்காவில் கிடையாது. யாராக இருந்தாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். சுற்றுலா விசாவோ, மாணவர் விசாவோ வைத்திருந்தால், இமிக்ரேஷனைத் தாண்டியதும் நீங்கள் ஊருக்குள் போகலாம். ஆனால் சி-1 எனப்படும் டிரான்சிட் விசாவில் வருபவர்கள் கவனிக்கணும். அது கடந்து போவதற்கு மட்டுமே. ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதற்குரிய பி-2 விசா எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. 'அதெல்லாம் யார் பார்க்கப்போறாங்க' என்று ரிஸ்க் எடுக்காதீங்க.

இனி நேரக் கணக்கு. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ் எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். (அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும், அந்த நேரம் மிச்சம்.) ஊருக்குள் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வரவும் அதே அளவு. உள்நாட்டு ஃப்ளைட் என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும், வெளிநாடு என்றால் மூன்று. காலை 8 மணிக்கு இறங்கியவர் பதினொன்றேகால் வாக்கில் ஊருக்குள் இருப்பார், மாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிட வேண்டும். உங்கள் இடைவெளி 8 மணி நேரத்துக்கும் குறைவா? பேசாம ஏர்போர்ட்டிலேயே ஒரு காபி சாப்பிட்டுவிட்டு இருங்க.

ஒரே டிக்கெட்டில் இரண்டு ஃப்ளைட்டும் இருந்தால், கஸ்டம்ஸ் முடிந்ததும் பெட்டியை மறுபடி ஒப்படைத்துவிடலாம். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி உங்கள் தலையில்தான். இரண்டு பெரிய பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடைப்பயணம் வேலைக்கு ஆகாது. டிக்கெட் புக் செய்யும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்கு

வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் டெர்மினல் 5-க்குத்தான் வரும். மெட்ரோ ஸ்டேஷன் அங்கே இல்லை. டெர்மினல்களுக்கு இடையே ஓடும் இலவச குட்டி ரயிலில் ஏறி மற்ற டெர்மினல்கள் பக்கம் போனால், அடியில் ப்ளூ லைன் ஸ்டேஷன் இருக்கிறது. 24 மணி நேரமும் ரயில் உண்டு. ஊரின் மையத்துக்கு சுமார் 45 நிமிடங்கள். மற்ற ஸ்டேஷன்களைவிட ஏர்போர்ட்டில் ஏறினால் கட்டணம் கொஞ்சம் அதிகம், ஆனாலும் டாக்ஸியோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசுதான். கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். நம் ஊர் பேங்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கிளம்புவதற்கு முன்பே பேங்க் ஆப்பில் 'ஆன்' செய்துவிடுங்கள். கேட் முன்னால் நின்று ஓடிபி-க்காகக் காத்திருப்பது பரிதாபமான காட்சி!

இன்னொன்று. ரயிலில் கதவோரம் உட்கார்ந்து போனைக் கையில் ஆட்டிக்கொண்டு இருக்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு ஓடுவது அங்கேயும் உண்டு.

கூகுள் மேப்பை நம்பலாமா?

சிகாகோ டவுன்டவுனில் கொஞ்சம் யோசித்து நம்புங்கள். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் நிற்பதால் ஜிபிஎஸ் புள்ளி தாறுமாறாகக் குதிக்கும். போதாததற்கு ஆற்றங்கரையை ஒட்டிய வேக்கர் டிரைவ் என்ற சாலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக ஓடுகிறது. நீங்கள் மேலே நிற்கிறீர்களா, கீழே நிற்கிறீர்களா என்பது போனுக்கே தெரியாது. 'தி டார்க் நைட்' படத்தில் பேட்மேன் விரட்டும் அந்த மங்கலான சுரங்கச் சாலை ஞாபகம் இருக்கா? அதுதான் கீழ் வேக்கர்.

ஆனால் மேப்பே இல்லாமல் சமாளிக்க இந்த ஊர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம்தான் பூஜ்ஜியம். 1909-ல் கதவு எண்களை மாற்றி எழுதியபோது அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள். வடக்கே போகப் போக வடக்கு 100, 200, 300 என்று எண் ஏறும். மேற்கு, தெற்கு, கிழக்கு எல்லாமே அப்படித்தான். சுமார் 800 எண்கள் நடந்தால் ஒரு மைல். டவுன்டவுனுக்குத் தெற்கே மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். இரட்டைப்படை எண்கள் தெருவின் வடக்கு அல்லது மேற்குப் பக்கம், ஒற்றைப்படை எதிர்ப்பக்கம். ஏரி இருக்கும் திசை கிழக்கு. போன் செத்துப்போனாலும் தெருப் பலகையும் ஒரு கதவு எண்ணும் போதும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

நடக்க ஆரம்பிக்கலாம்

ப்ளூ லைனில் ஜாக்சன் ஸ்டேஷனில் இறங்கி மேலே வாங்க. பக்கத்திலேயே கறுஞ்சிவப்புச் செங்கல்லில் ஒரு பழைய கட்டடம் நிற்கும். பெயர் மொனாட்நாக். பெரிய அலங்காரம் எதுவும் இல்லாததால் பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நின்று பாருங்கள். இதன் வடக்குப் பாதி 1891-ல் முடிந்தது. 16 மாடிகளின் எடையையும் சுவரே தாங்குகிறது. அதற்காகத் தரைமட்டத்தில் சுவரின் கனம் 6 அடி! இதைவிட உயரமாகக் கட்ட நினைத்தால் கீழே சுவர்தான் இருக்கும், அறை இருக்காது.

1871 அக்டோபரில் பிடித்த பெருந்தீ இந்த ஊரின் மையத்தைச் சாம்பலாக்கியது. சுமார் 300 பேர் இறந்தார்கள், லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஓலியரி என்ற பெண்மணியின் மாடு விளக்கை உதைத்ததுதான் காரணம் என்று காலம் காலமாகப் பழி சொல்லி, 1997-ல்தான் நகர சபை அவரையும் மாட்டையும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. எரிந்த இடத்தில் புதிதாகக் கட்டவந்த பொறியாளர்கள், சுமையைச் சுவரிடமிருந்து வாங்கி இரும்புச் சட்டத்திடம் கொடுத்தார்கள். 1885-ல் இங்கே எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைத்தான் உலகின் முதல் ஸ்கைஸ்கிரேப்பர் என்று பலரும் சொல்வார்கள். 1931-ல் இடித்துவிட்டதால் அதைப் பார்க்க முடியாது.

அந்தக் கதையின் உச்சக்கட்டத்தைப் பார்க்க, ஜாக்சன் தெருவிலேயே மேற்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். வில்லிஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். 1998 வரை உலகின் உயரமான கட்டடம். ஒன்பது குழாய்களைக் கயிறு போட்டுக் கட்டியதுபோன்ற அமைப்பு. காற்று தள்ளும்போது ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். இந்த யோசனையின் சொந்தக்காரர் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். பக்கத்துத் தெருமுனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 103-வது மாடியில் கண்ணாடித் தரையில் நிற்கலாம், டிக்கெட் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். காசும் மிச்சம், ஒரு மணி நேரமும் மிச்சம்.

திரும்பி ஆடம்ஸ் தெரு வழியாகக் கிழக்கே நடங்கள். லசால் தெருமுனையில் ரூக்கரி என்ற 1888-ம் வருடக் கட்டடம். திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். ஃப்ராங்க் லாயிட் ரைட் மாற்றியமைத்த வெள்ளைப் பளிங்கு லாபி அது. தெருவின் கடைசியில், மிச்சிகன் அவென்யூவுக்குச் சற்று முன்னால், 'ரூட் 66' தொடங்கும் இடம் என்ற பழுப்புநிறப் பலகை. எதிரே இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் காக்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்.

1893 செப்டம்பர் 11 அன்று உலக சர்வ சமய மாநாட்டில் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாள் போன்ற சென்னை இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியது நமக்குத் தெரியும். மாநாட்டுக்குச் சில நாள்கள் முன்பு சிகாகோவில் ரயிலைவிட்டு இறங்கியவர், போகவேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டார். இரவு ரயில் யார்டில் ஒரு காலிப் பெட்டியில் தூங்கி, மறுநாள் வீடு வீடாக உதவி கேட்டு அலைந்து, களைத்துத் தெருவோரம் உட்கார்ந்தவரை, எதிர்வீட்டு ஹேல் அம்மையார் உள்ளே அழைத்துப் போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வாசலில் ஓடும் சாலையின் ஒரு பகுதிக்கு இப்போது அவர் பெயர். மியூசியத்துக்குக் கட்டணம் உண்டு, வாரத்தில் சில நாள்கள் விடுமுறை, பெரிய பையோடு விடமாட்டார்கள். உள்ளே போனால் மூன்று மணி நேரம் காணாமல் போகும். ஓவியம் உங்கள் உயிர் என்றால் மட்டும் போங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஆசைப்பட்டால்தான் ஃப்ளைட் போகும்.

வடக்கே சில நிமிடங்களில் மில்லேனியம் பார்க். ரயில் பாதைக்கும் கார் பார்க்கிங்குக்கும் மேலே கூரை போட்டு 2004-ல் திறந்த பூங்கா என்றால் நம்ப மாட்டீர்கள். நீங்கள் ரீல்ஸில் பார்த்த அந்த 'பீன்' இங்கேதான். நிஜப் பெயர் கிளவுட் கேட். செய்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், ஆனால் இணைத்த தடம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லோரும் வெளியே நின்றுதான் செல்ஃபி எடுக்கிறார்கள். நீங்கள் அடிவயிற்றுக்குக் கீழே போய் அண்ணாந்து பாருங்கள்.

சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் கல்ச்சுரல் சென்டரைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். 1897-ல் பொது நூலகமாகத் திறந்த கட்டடம். மேலே டிஃப்பனி கண்ணாடிக் குவிமாடம், சுமார் 30,000 கண்ணாடித் துண்டுகள். அனுமதி இலவசம். சுத்தமான டாய்லெட், குளிருக்கு ஒதுங்க இடம் எல்லாம் உண்டு. டவுன்டவுனில் டாய்லெட் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இரண்டு மணி நேரம் நடந்தபிறகு புரியும்.

தலைகீழாக ஓடும் ஆறு

இன்னும் வடக்கே போனால் பாலம். இங்கே முதலில் குடியேறிய கறுப்பின வணிகர் டூசாபிளின் பெயரைத் தாங்கியது. தாண்டியதும் ட்ரிப்யூன் டவர். அதன் வெளிச்சுவரில் தாஜ்மஹால், சீனப் பெருஞ்சுவர் என உலகம் முழுவதிலிருந்தும் கொண்டுவந்த கற்துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கல்லைத் தேடிப் பாருங்கள்.

திரும்பி வந்து, பாலத்தின் தென்முனையில் படியிறங்கினால் ரிவர்வாக். காபிக் கடைகள், படகுகள், தலைக்குமேல் தூக்குப் பாலங்கள். இந்த ஆறு ஒருகாலத்தில் ஏரிக்குள் ஓடியது. ஊர்க் கழிவெல்லாம் ஆற்றில், ஆறு ஏரியில், குடிநீரோ அதே ஏரியிலிருந்து! 1900-ல் சுமார் 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். கழிவு மிஸிஸிப்பி பக்கம் போனது. கீழே இருக்கும் மிசௌரி மாநிலம் கேஸ் போட்டது, தோற்றது. ஆற்றுப் பிரச்னை நமக்கு மட்டும் இல்லை.

மேற்கே நடந்தால் எதிர்க்கரையில் சோளக்கதிர் போல இரட்டைக் கோபுரம், மரீனா சிட்டி. கீழே 19 மாடிகள் வெறும் கார் பார்க்கிங். கார்கள் விழுந்துவிடுமோ என்று வயிற்றைக் கலக்கும். இதுவரை நடந்தது, வில்லிஸ் டவர் பக்கம் போய்வந்ததையும் சேர்த்து, சுமார் 4 கிலோமீட்டர்.

சாப்பாடும் குளிரும்

டீப் டிஷ் பீட்ஸா இந்த ஊர் ஸ்பெஷல். ஆனால் வேக முக்கால் மணி நேரம் ஆகும். நேரம் இருந்தால் மட்டும் உட்காருங்கள். சிகாகோ ஹாட் டாக் மாட்டிறைச்சியில் செய்தது, சாப்பிடாதவர்கள் கவனிக்கவும். சாப்பிடுபவர்கள் கெட்ச்சப் கேட்காதீர்கள், கடைக்காரர் முறைப்பார். மெனுவில் இருக்கும் விலை இறுதி விலை அல்ல. வரியே 10 சதவீதத்தைத் தாண்டும், உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். இட்லி, தோசைக்காக டெவான் அவென்யூ போகும் யோசனையைக் கைவிடுங்கள், அது ரொம்ப தூரம்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை வந்தால் இந்த நடை வேறு விஷயம். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர், ஏரிக்காற்று காதைக் கடிக்கும். சென்னையில் வாங்கிய ஸ்வெட்டர் போதாது. குல்லா, கையுறை, கனமான ஜாக்கெட் மூன்றும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். டவுன்டவுன் கட்டடங்களை இணைக்கும் பெட்வே என்ற சுரங்க நடைபாதை அங்கங்கே கைகொடுக்கும். குளிரில் போன் பேட்டரியும் சட்டென்று இறங்கும். எனவே ஏர்லைன்ஸ் பெயர், ஃப்ளைட் எண், டெர்மினல், அங்கே தெரிந்தவர் நம்பர் இவற்றை ஒரு தாளில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள்.

திரும்பும் வழி

மரீனா சிட்டிக்கு எதிரே ஆற்றங்கரையிலிருந்து படியேறி, மேற்கே கிளார்க் தெருவுக்குப் போய், தெற்கே திரும்பினால் கிளார்க்/லேக் ஸ்டேஷன். இங்கே மேலே தண்டவாளத்தில் பல நிற ரயில்கள் ஓடும். அதில் ஏறாதீர்கள். ப்ளூ லைன் பூமிக்கு அடியில். அதிலும் ஒருபக்கம் ஃபாரஸ்ட் பார்க் போகும், மறுபக்கம் ஓ'ஹேர். விமானப் படம் போட்ட பலகையைப் பார்த்து, ரயில் நெற்றியில் 'ஓ'ஹேர்' என்று இருந்தால் ஏறுங்கள். அதுதான் கடைசி ஸ்டேஷன், தூங்கிப்போனாலும் பரவாயில்லை.